அழகும் அளவும்: மடிக் கிதாருக்கு விரற்பலகை செய்தல்

இசைக் கருவி எதைக் கண்டாலும் நம் கண் முதலில் அதன் அலங்காரத்தில்தான் போய் நிற்கும். வீணை என்றால் யாளி முகம். மிருதங்கம் என்றால் வார்ப்பின்னல். கிதார் என்றால் பலகையில் பதித்த பளபளக்கும் புள்ளிகள். இந்த அலங்காரமெல்லாம் பார்வைக்கு மட்டும்தானா? இசைக்கும் அதனால் ஏதேனும் பயன் உண்டா? இக்கேள்விக்குத் தெளிவாக விடை சொல்லும் கருவி ஒன்று உண்டு. அதுதான் மடியில் கிடத்தி வாசிக்கும் கிதார். ஹவாயன் கிதார் என்றும் அதனைச் சொல்வர்.

சாதாரணக் கிதாரில் இடக்கை விரல்கள் கம்பியைப் பலகையோடு சேர்த்து அழுத்துகின்றன. பலகையில் பதிந்துள்ள உலோக மெட்டுகளே சுரத்தைத் தீர்மானிக்கின்றன. மடிக் கிதாரில் அப்படி இல்லை. கம்பிகள் பலகைக்கு மேலே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். இடக்கையில் வழவழப்பான எஃகுத் தண்டு ஒன்றைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வைத்து நகர்த்துவர். கம்பி பலகையைத் தொடுவதே இல்லை, விரலும் தொடுவதில்லை. பெயர் மட்டும் விரற்பலகை! அதில் மெட்டும் கிடையாது. மெட்டு இருக்க வேண்டிய இடங்களில் வெறும் கோடுகள்தாம் உண்டு.

அப்படியானால் அந்தப் பலகை எதற்கு? கண்ணுக்கு வழிகாட்டுவதற்கு. தண்டை எந்த இடத்தில் நிறுத்தினால் எந்தச் சுரம் பிறக்கும் என்பதை அந்தக் கோடுகள் சொல்கின்றன. அது முற்றிலும் அலங்காரப் பலகை. ஆனால் அந்த அலங்காரம் உண்மை பேசியாக வேண்டும். கோடு இரண்டு மில்லிமீட்டர் தவறினால், அதை நம்பி வாசிப்பவளின் சுருதி தவறும். இதை மனத்தில் கொண்டு, இக்கருவியின் வரலாற்றைச் சுருக்கமாகவும் விரற்பலகை செய்யும் முறையை விரிவாகவும் காண்போம்.

1. நம் நாட்டு உறவினர்

கம்பியின் மேல் ஒரு கட்டையை வழுக்கவிட்டு இசை எழுப்பும் முறை நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் கோட்டுவாத்தியம் என்றும் சித்திரவீணை என்றும் வழங்கும் கருவி இவ்வகையைச் சேர்ந்ததே. தோற்றத்தில் வீணையைப் போன்றது. ஆனால் மெட்டுகள் இல்லை. கருங்காலிக் கட்டையாலோ கொம்பாலோ செய்த உருளையைக் கம்பியின் மேல் நகர்த்தி வாசிப்பர். திருவிடைமருதூர் சகாராம ராவ் இக்கருவிக்குப் புத்துயிர் அளித்தவர் என்று போற்றப்படுகிறார். சங்கீத மேதை செம்மங்குடி சீனிவாச ஐயர் இளமையில் இவரிடமும் பயின்றவர். பின்னர் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், மன்னார்குடி சாவித்திரி அம்மாள், நாராயண ஐயங்கார் முதலியோர் இதனைப் பெருமைப்படுத்தினர்.

ஹவாய்த் தீவுகளில் இம்முறையைப் பரப்பிய பெருமை ஜோசப் கெகுகு என்பவரைச் சாரும். 1889-ஆம் ஆண்டை ஒட்டி, அவர் பள்ளி மாணவராய் இருந்தபோதே, கிதாரின் கம்பிகள்மேல் எஃகுத் துண்டை வழுக்கவிட்டுப் பழகினார் என்பர். நம் வயதை ஒத்த ஒரு மாணவரின் விளையாட்டு, உலகம் சுற்றும் இசையாயிற்று! 1932-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் மின்கிதாரும் மடியில் வைத்து வாசிப்பதே. அதன் வட்டமான உடலையும் நீண்ட கழுத்தையும் கண்டு, ‘வாணலி’ என்னும் பொருள்படும் செல்லப்பெயரை மக்கள் இட்டனர்.

1940-களில் டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார். வங்காளத்தில் ஹவாயன் கிதார் வீட்டுக்கு வீடு பரவியது. பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இராகங்களை வாசித்துக் காட்டினார். விசுவ மோகன் பட் அதனை மாற்றியமைத்து மோகன வீணை என்று பெயரிட்டார். 1994-இல் கிராமி விருதும் பெற்றார்.

திருச்சபையிலும் இதற்கு இடம் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, வழிபாட்டிற்குத் தகுதியான பிற இசைக் கருவிகளையும் ஆயர்களின் இசைவோடு பயன்படுத்தலாம் என்று கூறியது. அதன் பின்னர் ஆர்மோனியத்தோடும் ஆர்கனோடும் கிதாரும் பாடகர் குழுவில் இடம்பெறத் தொடங்கியது. பாடகர் குழுவில் வாசிக்கப்படும் கருவி என்றால் அது சுருதி தவறலாகாது அன்றோ? ஆகவே அளவைக் கற்போம்.

2. கோடுகள் எங்கே விழவேண்டும்?

கம்பி தொடங்கும் முனையில் உள்ள தாங்கியை வீணைக்காரர் மேரு என்பர். மறுமுனையில் கம்பியைத் தாங்குவது குதிரை. மேருவுக்கும் குதிரைக்கும் இடைப்பட்ட கம்பியே அதிர்ந்து ஒலிக்கிறது. அதன் நீளம் பாதியானால் சுரம் ஒரு ஸ்தாயி உயரும். அதாவது ச என்பது மேல் ச ஆகும்.

ஒரு ஸ்தாயியில் 12 சுர இடங்கள். ஒவ்வொரு படியிலும் கம்பியின் நீளம் ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். பன்னிரண்டாம் படியில் சரியாகப் பாதியாக வேண்டும். ஆகவே ஒரு படிக்கு உரிய விகிதம், 2-இன் பன்னிரண்டாம் மூலம், ஏறத்தாழ 1.05946. மடக்கை அட்டவணையைக் கொண்டு நாமே இதனைக் கண்டுபிடிக்கலாம். கைக்கணக்கிற்கு வேறொரு வழியும் உண்டு. எஞ்சியுள்ள நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த கோட்டின் தூரம் கிடைக்கும்.

மேருவிலிருந்து குதிரை வரை 600 மில்லிமீட்டர் உள்ள கருவிக்கு அளவுகளைக் கணக்கிட்டுத் தருகிறோம். எல்லாத் தூரங்களும் மேருவிலிருந்தே அளக்கப்பட்டவை. கம்பியின் இயல்பான ஒலியை ச என்று கொண்டால் கிடைக்கும் சுரப் பெயர்களையும் சேர்த்துள்ளோம்.

கோடு 1 – 33.7 மி.மீ. – சுத்த ரிஷபம்
கோடு 2 – 65.5 மி.மீ. – சதுஸ்ருதி ரிஷபம்
கோடு 3 – 95.5 மி.மீ. – சாதாரண காந்தாரம்
கோடு 4 – 123.8 மி.மீ. – அந்தர காந்தாரம்
கோடு 5 – 150.5 மி.மீ. – சுத்த மத்யமம்
கோடு 6 – 175.7 மி.மீ. – பிரதி மத்யமம்
கோடு 7 – 199.5 மி.மீ. – பஞ்சமம்
கோடு 8 – 222.0 மி.மீ. – சுத்த தைவதம்
கோடு 9 – 243.2 மி.மீ. – சதுஸ்ருதி தைவதம்
கோடு 10 – 263.3 மி.மீ. – கைசிகி நிஷாதம்
கோடு 11 – 282.2 மி.மீ. – காகலி நிஷாதம்
கோடு 12 – 300.0 மி.மீ. – மேல் சட்ஜமம்

மேல் ஸ்தாயிக்குப் புதிய கணக்கு வேண்டாம். முதல் ஸ்தாயியின் தூரத்தைப் பாதியாக்கி 300-ஐக் கூட்டினால் போதும். சான்றாக, 19-ஆம் கோடு மேல் பஞ்சமம். 199.5-இல் பாதி ஏறத்தாழ 99.8; அதனோடு 300 சேர 399.8 மி.மீ. இருபத்து நான்காம் கோடு 450 மி.மீ. தூரத்தில் விழும். கருவியின் நீளம் வேறாக இருந்தால், அந்த நீளத்தை 600-ஆல் வகுத்துக் கிடைக்கும் எண்ணால் எல்லா அளவுகளையும் பெருக்கிக் கொள்ளலாம்.

இங்கே ஒரு பழைய கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வானியல் அறிஞர் கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேயி ஓர் இசை அறிஞர். அவர் 1581-இல் வெளியிட்ட நூலில் 18-க்கு 17 என்ற விகிதத்தைச் சொன்னார். எஞ்சிய நீளத்தை 18-ஆல் வகுத்துக் கொண்டே போக வேண்டும் என்பது அதன் கருத்து. மனக்கணக்கிற்கு எளிது, மெட்டு வைத்த கருவிகளைச் செய்தோர் நெடுங்காலம் அதனைக் கையாண்டனர். ஆனால் 600 மி.மீ. கம்பியில் அவ்வாறு பன்னிரண்டு முறை வகுத்தால், பன்னிரண்டாம் கோடு 300-க்குப் பதிலாக ஏறத்தாழ 297.8-இல் விழும். முதல் கோட்டில் அரை மில்லிமீட்டர்கூடத் தவறாத கணக்கு, பன்னிரண்டாவதில் 2 மில்லிமீட்டருக்கு மேல் தவறுகிறது. சிறு பிழைதானே என்று விட்டுவிட்டால் அது படிப்படியாக வளரும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

3. கோட்டைத் தாண்டியும் ஓர் உண்மை

மேலே தந்த அளவுகள் பியானோ, ஆர்மோனியம் ஆகியவற்றின் சமப் பகுப்பு முறையைச் சார்ந்தவை. ஆனால் தம்புராவைச் சுருதி சேர்த்து மீட்டும்போது, யாரும் வாசிக்காமலே ஒரு காந்தாரம் எழுவதைக் கேட்டிருப்போம். அதனைச் சுயம்பு காந்தாரம் என்பர். அது கம்பியின் நீளம் ஐந்தில் நான்கு பங்காகும்போது பிறக்கும் இயற்கையான அந்தர காந்தாரத்தோடு ஒத்தது. 600 மி.மீ. கம்பியில் அந்த இடம் மேருவிலிருந்து 120 மி.மீ. அட்டவணையோ 123.8 என்கிறது. வேறுபாடு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்!

பஞ்சமத்தில் இந்த வேறுபாடு மிகக் குறைவு. இயற்கையான இடம் 200, கோடு 199.5. சுத்த மத்யமத்திலும் அப்படியே: 150-உம் 150.5-உம். தைவதத்தில் 240-உம் 243.2-உம். சாதாரண காந்தாரத்திலோ 100-உம் 95.5-உம்.

மெட்டு வைத்த கிதாரில் இதற்கு எளிதில் வழியில்லை. மெட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் சுரம். தஞ்சாவூர் வீணையில் மெட்டுகளை மெழுகுச் சட்டத்தின்மேல் பதிக்கிறார்கள். ‘மேளம் கட்டுதல்’ என்று அதற்குப் பெயர். தேர்ந்த கைவினைஞர் ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு, நகர்த்தி, நிலைநிறுத்துவார். நாளடைவில் மெழுகு தளர்ந்தால் மீண்டும் கட்டுவார். 24 மெட்டுகளுக்கும் அந்தக் காதே அளவுகோல்.

மடிக் கிதாரிலோ, தண்டைக் கோட்டிலிருந்து 4 மில்லிமீட்டர் பின்னே தள்ளினால் இயற்கையான காந்தாரம் உடனே கிடைத்துவிடும். ஆகவே கோடு என்பது ஊரின் எல்லைக்கல் போன்றது. அது நம்மைச் சரியான தெருவில் கொண்டுவந்து விடும். வீட்டுக் கதவைத் தட்டுவது நம் காதின் வேலை. எல்லைக்கல்லே இடம் மாறி நட்டிருந்தால் காது பழகாத சிறுமி என்ன செய்வாள்?

4. பலகை

மெட்டு அடிக்க வேண்டிய கிதாருக்கு ஈட்டி, கருங்காலி போன்ற கடினமான மரம் வேண்டும். நமக்கோ விரல் தேய்வும் இல்லை, மெட்டும் இல்லை. ஆகவே எளிய மரமே போதும். வேம்பு, வாகை, பூவரசு, மா எதுவாயினும் சரி. நன்கு உலர்ந்திருக்க வேண்டும். பழைய கதவுச் சட்டம், உடைந்த கட்டில் கால் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் மரம் மிக நல்லது. பல கோடைகளைக் கண்டு காய்ந்திருக்கும்.

நீளம் 470 மி.மீ., அகலம் 60 மி.மீ., கனம் 5 மி.மீ. என வைத்துக் கொள்வோம். மரத்தின் இழை நீளவாக்கில் ஓட வேண்டும். ஈரத்தாலும் வெப்பத்தாலும் மரம் அகலத்தில் விரிந்து சுருங்குமே அன்றி, இழையின் நீளவாக்கில் மிகச் சிறிதே மாறும். ஆகவே கோடுகளின் தூரம் ஆண்டுக்கணக்கில் மாறாது. சேலத்துக் கோடைக்கும் ஐப்பசி மழைக்கும் இடையில் இது முக்கியம்.

இழைப்புளியால் சமன் செய்து, உப்புத்தாளால் தேய்த்து, மூலைமட்டம் வைத்து முனையைச் செங்கோணமாக்கிக் கொள்வோம். இந்த முனைதான் மேருவோடு சேர்வது. இதுவே நம் பூச்சியம்.

5. கோடு இடுதல்

எஃகு அளவுகோலை முனையில் ஒருமுறை வைத்தபின் நகர்த்தாமல், எல்லாக் கோடுகளையும் அங்கிருந்தே குறிக்க வேண்டும். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டை அளந்துகொண்டே போவது கூடாது. ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீட்டர் ஒரே பக்கமாகப் பிசகினாலும் பன்னிரண்டில் 3 மில்லிமீட்டர் ஆகிவிடும். துணி நாடாவால் அளப்பதும் வேண்டாம்; அது நீளும். பென்சில் கோடு தடிப்பானது. ஆகவே ஊசிமுனையால் கீறுவோம்.

பிறகு மூலைமட்டத்தை அணைத்து, மெல்லிய பற்களையுடைய வாளால் அரை மில்லிமீட்டர் ஆழத்திற்கு ஒரு தடம் அறுப்போம். சீமைச் சுண்ணத்தூளைப் பசையில் குழைத்து அத்தடத்தில் நிரப்பித் தேய்த்தால் வெண்கோடு பளிச்சென்று தெரியும். வெளிர் மரமானால் விளக்குக் கரியைச் சேர்த்துக் கருங்கோடாக்கலாம். கோடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நன்று.

6. அலங்காரத்தை எங்கே வைப்பது?

இதுதான் பாடத்தின் நடுப்பகுதி. கவனித்துப் படிக்க வேண்டும். சாதாரணக் கிதாரில் புள்ளிகள் 3, 5, 7, 9, 12 ஆகிய இடங்களில், இரண்டு மெட்டுகளுக்கு நடுவே இருக்கும். அங்கே விரல் மெட்டுக்குப் பின்னால் அழுத்துகிறது. ஆகவே நடுவில் புள்ளி இருப்பது பொருத்தம். மடிக் கிதாரில் தண்டு நிற்க வேண்டிய இடம் கோட்டுக்கு நேர் மேலே. புள்ளியை நடுவில் வைத்துவிட்டால், புதிதாகக் கற்பவள் புள்ளிக்கு மேலே தண்டை நிறுத்துவாள். சுரம் ஏறத்தாழ அரைப்படி குறைந்து ஒலிக்கும். தவறு வாசிப்பவளுடையது அன்று, பலகை செய்தவருடையது.

ஆகவே பூவோ, புள்ளியோ, பறவையோ எதுவாயினும் அதன் மையம் கோட்டின் மேலேயே அமையட்டும். எல்லாக் கோட்டுக்கும் அலங்காரம் வேண்டாம். பஞ்சமத்திற்கு ஒன்று, மத்யமத்திற்கு ஒன்று, மேல் சட்ஜமத்திற்குப் பெரிதாக ஒன்று என வேறுபட்ட வடிவங்களைத் தந்தால், ஓரக்கண்ணால் பார்த்தே இடத்தைக் கண்டுகொள்ளலாம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. கோடே தெரியாத அளவுக்குப் பூ வரைந்தால் பலகை அழகாகும். இசை வழி தவறும்.

7. அலங்கரிக்கும் வழிகள்

கம்பி தொடாத பலகை என்பதால் நாம் விரும்பியபடி எந்தப் பொருளையும் கையாளலாம். நம் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இதற்கு வேண்டிய கலைகளுக்குக் குறைவே இல்லை.

அ. வண்ணம்: நாமக்கல் லாரிப் பட்டறைகளில் ஓவியர் எனாமல் பெயின்ட்டால் வண்டிகளின் முகப்பிலும் பக்கப் பலகைகளிலும் பூவும் கொடியும் எழுத்தும் தீட்டுவதைச் சாலையில் நாள்தோறும் காண்கிறோம். மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும் அதே எனாமல் நமக்கும் ஏற்றது. முதலில் ஒரு பூச்சு. அது நன்கு உலர்ந்தபின் மெல்லிய தூரிகையால் வடிவம். கரும்பச்சைமேல் மஞ்சள், கருநீலத்தின்மேல் வெள்ளை என எதிரெதிர் நிறங்களைத் தேர்வோம்.

ஆ. கோலம்: வாசலில் நாம் இடும் கோலத்தில் புள்ளிகள் சம தூரத்தில் இருக்கும். விரற்பலகைக் கோலத்திலோ புள்ளிகள் மேருவிலிருந்து குதிரையை நோக்கிப் போகப்போக நெருங்கி வரும். ஒவ்வொரு கோட்டின் மேலும் மூன்று புள்ளி வைத்து, அவற்றைச் சுற்றி ஒரே இழையாகச் சிக்குக் கோலம் இழுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் அகன்றிருக்கும் வளைவுகள் சிறுத்துச் சிறுத்துச் செல்வதே ஓர் அழகு. பெருக்கு விகிதம் என்று கணக்குப் பாடத்தில் படித்தது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்; இந்தச் சுரைக்காய் உதவும்.

இ. பட்டுத் துணி: சேலம் வெண்பட்டின் சிறு துண்டைப் பலகையில் ஒட்டி, அதன்மேல் நிறமற்ற வார்னிஷைப் பல முறை பூசலாம். துணியை ஒட்டி உலர்ந்த பின்னரே கோடுகளை இட வேண்டும். ஈரப்பசையில் துணியும் தாளும் நீண்டுவிடும். முதலில் தாளில் கோடு போட்டுப் பிறகு ஒட்டினால், அளவு கெட்டுப்போகும்.

ஈ. செதுக்கு வேலை: சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி மரச்சிற்பங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். ஒரே மரத்துண்டிலிருந்து தெய்வ உருவங்களையும் அன்னப் பறவைகளையும் உளியால் வெளிக்கொண்டு வரும் கைகள் அங்கே உண்டு. நாம் அவ்வளவு துணிய வேண்டாம். பலகையின் இரு ஓரங்களிலும் ஒரு விரற்கடை அகலத்தில் கொடிக்கருக்கு ஒன்றைச் செதுக்கினால் போதும். கோயில் தூண்களில் காணும் அந்த வளைகொடியைத் திராட்சைக் கொடியாகவும் கோதுமைக் கதிராகவும் மாற்றினால் நம் ஆலயத்திற்குப் பொருந்தும்.

உ. பதிப்பு வேலை: எல்லாவற்றிலும் நுட்பமானது இதுவே. தஞ்சாவூர் வீணைகளில் முன்பு தந்தத்தைப் பதித்தனர். யானையைக் காக்கும் பொருட்டுத் தந்த வாணிபம் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. இப்போது பிளாஸ்டிக் தகடுகளையே பதிக்கின்றனர். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்குப் பித்தளைத் தகடு, பழைய சட்டைகளின் முத்துச்சிப்பிப் பொத்தான், தேங்காய்ச் சிரட்டை ஆகியவையே போதும். முறை வருமாறு:

முதலாவதாக, வடிவத்தை முழு அளவில் தாளில் வரைந்து ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள பித்தளைத் தகட்டில் ஒட்ட வேண்டும். மெல்லிய வாளால் ஓரமாக அறுத்து, சிறு அரத்தால் விளிம்பைச் சீராக்க வேண்டும்.

இரண்டாவதாக, தகட்டின் மையத்தைப் பலகைக் கோட்டின்மேல் பொருத்தி, ஊசிமுனையால் சுற்றிக் கீற வேண்டும். கீறலில் சுண்ணத்தூளைத் தேய்த்தால் வடிவம் தெளிவாகத் தெரியும்.

மூன்றாவதாக, கூரிய சிற்றுளியால் உள்ளே குடைய வேண்டும். ஆழம் தகட்டின் கனத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். அவசரப்பட்டால் மரம் பிளக்கும். இழைக்குக் குறுக்கே முதலில் வெட்டி, பிறகு இழையோடு தள்ள வேண்டும்.

நான்காவதாக, அரால்டைட் பசையில் அதே மரத்தின் தூளைக் கலந்து பள்ளத்தில் இட்டு, தகட்டை அழுத்திப் பாரம் வைத்து ஒரு நாள் விட வேண்டும். சிறு இடைவெளிகளை மரத்தூள் மறைத்துவிடும்.

ஐந்தாவதாக, மேலே துருத்தி நிற்கும் பகுதியை அரத்தால் தேய்த்து, 120, 240, 400 எண் உப்புத்தாள்களால் படிப்படியாக வழவழப்பாக்க வேண்டும். கடைசியில் அரக்கு மெருகு.

சிப்பியையும் பித்தளையையும் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு. நீர் தெளித்துத் தேய்க்க வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். உளி பிடிக்காத கை ஒருபோதும் உளிமுனைக்கு முன்னால் இருக்கலாகாது.

8. சோதனை

பலகையை ஒட்டிக் கம்பி பூட்டியதும், பன்னிரண்டாம் கோட்டுக்கு நேர் மேலே கம்பியை விரலால் இலேசாகத் தொட்டு, மீட்டியவுடன் விரலை எடுக்க வேண்டும். மணி போன்ற மேல்சுரம் ஒன்று எழும். அது கம்பியின் சரிபாதியில்தான் மிகத் தெளிவாக ஒலிக்கும். கோட்டுக்கு மேலே மங்கலாகவும் சற்றுத் தள்ளித் தெளிவாகவும் ஒலித்தால், குதிரை சரியான இடத்தில் இல்லை என்பது பொருள். குதிரையைச் சிறிது நகர்த்திச் சரிசெய்வோம். பிறகு எஃகுத் தண்டை அதே கோட்டுக்கு மேல் வைத்து மீட்டி, இரண்டு ஒலிகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கேட்போம். ஏழாம் கோட்டில் பஞ்சமத்தையும் ஐந்தாம் கோட்டில் மத்யமத்தையும் அவ்வாறே தம்புராச் சுருதியோடு ஒப்பிடுவோம்.

பார்வையிலும் ஒரு தவறு நேரலாம். கம்பி பலகைக்கு மேலே உயரத்தில் நிற்பதால், பக்கவாட்டில் இருந்து பார்த்தால் தண்டு வேறு கோட்டருகே நிற்பது போலத் தோன்றும். பௌதிக ஆய்வுக்கூடத்தில் அளவுகோலை நேராகப் பார்த்துப் படிக்கச் சொல்வதும் இதனால்தான். பலகை கண்ணாடிபோல் மின்னினாலும் விளக்கொளி பட்டுக் கோடு மறையும். மெருகை அளவோடு நிறுத்துவது நன்று.

முடிவுரை

உளியும் வாளும் ஆண்பிள்ளைகளுக்கு, ஊசியும் நூலும் நமக்கு என்று ஒதுக்கிவைக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. பூத்தையலில் ஒரு நூலிழை தவறாமல் எண்ணித் தைக்கும் கைகளுக்கு அரை மில்லிமீட்டர்க் கோடு இயலாத காரியம் அன்று.

தச்சுப் பட்டறையில் உழைத்த புனித சூசையப்பர் தொழிலாளரின் பாதுகாவலர். நவம்பர் 22-இல் நாம் திருநாள் கொண்டாடும் புனித செசிலியா இசைக்குப் பாதுகாவலி. விரற்பலகை செய்பவளுக்கு இருவரின் துணையும் வேண்டும். ஏனெனில் நாம் செய்த பலகையில் நாளை வாசிக்கப்போகிறவள் நமக்குத் தெரியாத ஒருத்தியாக இருக்கலாம். அவள் நம் பெயரை அறியமாட்டாள். நம் கோட்டை மட்டும் நம்புவாள். நாம் இட்ட பூவின் அழகைப் புகழ்வார்கள், சரி. அந்தப் பூ நிற்கும் இடத்தில் பஞ்சமம் பஞ்சமமாகவே ஒலித்தால்தான் நம் வேலை முடிந்தது.

பயிற்சி வினாக்கள்

1. மேருவிலிருந்து குதிரை வரை 570 மி.மீ. உள்ள கருவியில் ஐந்தாம் கோடு எங்கே விழும்? (விடை: 143 மி.மீ.)

2. 600 மி.மீ. கருவியில் 17-ஆம் கோட்டின் தூரத்தை அட்டவணையின் துணையால் கணக்கிடுக.

3. மடிக் கிதாரில் அலங்காரப் புள்ளியை இரு கோடுகளுக்கு நடுவில் வைப்பதால் நேரும் தீங்கு யாது?

4. உங்கள் ஊரில் உள்ள கைத்தொழில் ஒன்றைக் கொண்டு விரற்பலகையை அலங்கரிக்கும் முறை ஒன்றை வரைந்து காட்டுக. கோடுகள் மறையாதிருக்கட்டும்.